முடியாதென்றால் மட்டும் எழுது

பத்து ஐம்பத்தைந்துக்கும் போகவில்லை. சண்முகவடிவு கருப்புத் திரையில் ஒரு சொல்லை அடித்து வரிசையைக் கேட்டாள். அனுப்பியும் போகாமல் கிடக்கிற மெயில்களெல்லாம் வந்து நின்றன. மேலிருந்து ஒன்பதாவதாக அவளுடையது, அதே இடத்தில், அதே முகத்தோடு. அனுப்பியவர் வடிவு, பெறுபவர் அவள் அண்ணன் குற்றாலிங்கம், கீழே போகாததற்கான காரணம்: எதிர்ப்பக்கம் எட்டவில்லை. எப்படி எட்டும்? காலை ஒன்பதரைக்கு மேம்பாலத்தடியில் சாக்கடை தோண்டிய ஜேசிபி கல்லூரிக்கு வருகிற கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது, அது தெரியாமல் ஒன்பது முப்பத்தைந்துக்கு இவள் என்டரைத் தட்டினாள். ஆறு நிமிஷம் முந்தித் தட்டியிருந்தால் போயிருக்கும். அந்த ஆறு நிமிஷம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும். சுண்டுவிரலை என்டர் மேல் வைத்துக்கொண்டு, சுவரில் பிரின்சிபால் ஒட்டச் சொன்ன அடையாள அட்டை சுற்றறிக்கையை மூன்று தடவை வாசித்துக்கொண்டிருந்தாள், அட்டை எல்லோர் கழுத்திலும் தொங்க வேண்டுமாம், கழுத்தில் தொங்குவதற்கு அட்டை ஒன்றுதான் பாக்கி. இந்த சர்வருக்கு ஒரு குணம் உண்டு. மெயில் போகவில்லையென்றால் ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி தட்டிப் பார்க்கும், அப்புறம் இன்னொரு ஐந்து, அப்புறம் பத்து நிமிஷம், இருபது, நாற்பது. எவ்வளவு நேரம் காத்திருந்ததோ அவ்வளவு நேரம் இன்னும் காத்திருக்கும், கூடிப்போனால் ஒரு மணி ஏழு நிமிஷம். தோற்கத் தோற்கப் பொறுமை கூடுகிற ஜென்மம். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குளிரூட்டிய அறையில் அதற்குக் காவலிருக்கிற வடிவுக்கு அதன் கணக்கு மனப்பாடம். பத்தே கால், பத்து ஐம்பத்தைந்து, அடுத்தது பன்னிரண்டு இரண்டு. அண்ணன் சொன்ன கெடு பன்னிரண்டு. இரண்டு நிமிஷம் பிந்தி அது போய்ச் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோனில் சொன்னதை அவள் நாலு நாளாக வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள், எச்சில் ஊறுகிறதே தவிர கரையவில்லை. "வடிவு, முடியாதுன்னா மட்டும் எழுது. வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரில டாக்டருங்க கூடுதாங்க. அதுக்குள்ள ஒண்ணும் வரலன்னா சரின்னு எடுத்துக்கிட்டு உன் பேரைக் குடுத்திருதேன். வாட்ஸப்ல போடாதே, உன் மதினி அதைத் தொறந்து தொறந்து பாப்பா. மெயில்ல போடு, அது எனக்கு மட்டுந்தான். ஃபோன் மட்டும் பண்ணிராதே. உன் குரலைக் கேட்டா நான் கெஞ்சிருவேன். அது ரெண்டு பேருக்கும் நல்லா இருக்காது." பெயரைக் கொடுப்பது என்றால் சிறுநீரகத்தைக் கொடுப்பது. அண்ணனுக்கு இரண்டும் சுருங்கிப்போய், மதுரையில் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு ஒன்றரை வருஷமாகிறது. வரைபட வாத்தியார், கரும்பலகையில் ஒரே வீச்சில் வட்டம் போடுகிற கை, இப்போது அதே கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடலங்காய் போலப் புடைத்து நிற்கிறது. மதினி உலகம்மையுடையது சேரவில்லை. மகனுக்கு ஒன்று பிறவியிலேயே சின்னது. வடிவினுடையதுதான் சேர்ந்தது, அச்சில் வார்த்தது மாதிரி சேர்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியின் ஆலோசகர்ப் பெண் சொன்னபோது அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சம், அது வந்த அதே நொடியில் வடிவின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது, இன்னும் அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சிறுநீரகமே தானோ என்னவோ. கூப்பிட்டால் வராத கோழி மாதிரி. நாலு நாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. இன்று காலை எழுதினாள், நாலு வரி, முடியாது என்று. எழுதியது போகவில்லை. அதாவது மதுரையைப் பொறுத்தவரை அவள் எழுதவே இல்லை. அதாவது நிமிஷத்துக்கு நிமிஷம் அவள் சரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கைப்பேசியில் டேட்டா இருக்கிறது. அதில் வேறொரு மெயில் கணக்கும் இருக்கிறது. அந்த நாலு வரியை அதில் அடித்து அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் மெயில் போகும் வழி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு, கைப்பையை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடியிருக்கிறாள். நான் அனுப்பிட்டேன், போகாதது என் தப்பா. இதை அவள் காலையிலிருந்து யாரிடமோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். யாரிடம்? ஜேசிபிக்காரனிடமா? போனால் முடியாது, போகாவிட்டால் சரி, இரண்டில் எதுவானாலும் தட்டியது என் விரல் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கட்சி, வடிவு காலையிலிருந்து அந்தக் கட்சியில்தான் இருக்கிறாள். திரையில் இப்போது இன்னொரு சொல்லை அடித்தாள், வந்த தபாலைக் கேட்கிற சொல். வடிவுக்குத் தபால் இல்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது. கேபிள் அறுந்த வீட்டுக்கு எந்தத் தபால் வரும்? இருந்தும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்கிறாள், ஏனென்றால் அண்ணனே எழுதிவிடக்கூடும், வேண்டாம் வடிவு, வேற ஏற்பாடு ஆயிருச்சு, யாரோ ஒருத்தர் விபத்தில் போய் அவங்க வீட்டில் தானம் பண்ணிட்டாங்க. சே. யாரோ ஒருத்தர் சாக வேண்டுமென்று வேண்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய், சண்முகவடிவு? ஆமாம் என்றுதான் உள்ளே பதில் வந்தது, கூசாமல் வந்தது. மறுபடி அடித்தாள். வடிவுக்குத் தபால் இல்லை.

அட்டெண்டர் நயினார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "மேடம், கேபிள்காரங்க வந்துட்டாங்களாம். பாலத்தடில குழிக்குள்ள எறங்கி ஒட்டவச்சிக்கிட்டு இருக்காங்க. நான் பாத்துட்டுத்தான் வாறேன். ஒரே கூட்டம்." "எப்ப முடியுமாம்?" "அது யாருக்குத் தெரியும்? அவன் அரை மணிங்கான், பக்கத்துல நிக்கவன் சாயங்காலம்ங்கான்." சொல்லிவிட்டு நயினார் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன மேடம், உடம்புக்குச் சொகமில்லையா?" உடம்புக்கு ஒன்றுமில்லை நயினார், அதுதான் கஷ்டம், உடம்பு கல்லுக்குண்டாக இருக்கிறது, பதின்மூன்று குப்பி இரத்தம் எடுத்துப் பார்த்து நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, ஏசி கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். அவர் போய் ஏசியைத் திருகிவிட்டுப் போனார். ஏசியின் வெளிப்பெட்டியில் கூடு வைத்திருக்கிற புறா அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தது. தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருந்தது, சர்க்கரை, அந்தச் சொல்லிலே மனசு முள்ளில் சேலை மாட்டியது மாதிரி மாட்டிக்கொண்டது. கடிதத்தின் இரண்டாவது வரி அதுதான். இங்கே டாக்டரிடம் காட்டினேன், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்கிறார், இந்த நிலையில் கொடுப்பது சரியில்லை என்கிறார். எந்த டாக்டர்? எந்தக் கோடு? மதுரை ஆஸ்பத்திரிக் கோப்பில் அவள் சர்க்கரை தொண்ணூற்றிரண்டு என்று இருக்கிறது, அந்தக் கோப்பு அண்ணன் தலைமாட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்திரண்டு! கல்யாணப் பொண்ணு சுகர்ட்டி உனக்கு" என்று சிரித்தவனே அவன்தான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? அவன் அந்த வரியை வாசித்ததும் கோப்பை எடுத்துப் பார்க்கக்கூட மாட்டான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மதினியிடம் வேறு எதையாவது பேசுவான், மோர் இருக்கா என்று கேட்பான், அவனுக்கு மோர் கூடாது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எந்தத் தண்ணீரும் கூடாது, தெரிந்தே கேட்பான். அந்தப் பொய்தான் இப்போது வரிசையில் ஒன்பதாவதாக நிற்கிறது. வரிசையில் நிற்கிற கடிதத்தைத் திருத்த முடியாது. அழிக்கலாம், புதிதாக எழுதலாம், திருத்த மட்டும் முடியாது.

புதிதாக என்ன எழுதுவது? பயமாக இருக்கிறது என்றா? அதைக் காரணம் என்று யாராவது சொல்வார்களா? நாற்பத்தாறு வயசு, ஒரு பெண்ணைப் பெற்று கோயம்புத்தூரில் படிக்க வைத்திருக்கிறாள், அந்தப் பெண் ஃபோனில் சொல்கிறது, "ஒரு கிட்னி போதும்மா, நான் நெட்ல பாத்துட்டேன், நீ பயப்படாதே." நெட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். கணவன் தாணுமூர்த்தி ஒரு படி மேலே, "உன் உடம்பு, உன் அண்ணன், நடுவுல நான் என்ன சொல்ல" என்று பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார், பேப்பர் தலைகீழாக இருந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார். அவரைச் சொல்லி என்ன, அவர் வந்த வழியும் அதே வழிதான். மாப்பிள்ளை ஃபோட்டோவைக் கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு அண்ணன் சொன்னான், பிடிக்கலன்னா மட்டும் சொல்லு. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யோசித்து முடிப்பதற்குள் தாம்பூலம் மாற்றியாயிற்று. தாணுமூர்த்தி நல்ல மனுஷன், அது வேறு விஷயம், பஸ் தப்பாக ஏறினாலும் சில சமயம் நல்ல ஊருக்குப் போய்ச் சேர்கிறது இல்லையா? சின்ன வயசிலேயே அப்படித்தான். கடைசி அதிரசத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டும்னா சொல்லு, மூணு எண்ணுவேன், சொல்லலன்னா எனக்கு என்பான். ஒண்ணு. ரெண்டு. அவளுக்கு வேண்டும், வாய் நிறைய வேண்டும், ஆனால் அந்த எண்ணிக்கை ஓடுகிற ஓட்டத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூணு. பாதியைப் பிட்டு அவளுக்குத் தந்துவிட்டுத்தான் தின்பான், பாவம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கிற முறை அதுதான், வாழ்நாள் பூராவும் அதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம், எந்தக் கல்லூரி, எந்த வேலை. வேண்டாம்னா சொல்லு. மௌனம் சம்மதம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவன் வீட்டில் வடிவைப் போல ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

"மேடம், லைன் வந்திருச்சா?" கதவைத் திறந்துகொண்டு பௌதிகத்துறை எபனேசர் நின்றார், நெற்றியெல்லாம் வேர்வை. அவர் ஏதோ மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறார், அதற்கும் கெடு இன்று பன்னிரண்டு மணிதானாம், ஊரெல்லாம் பன்னிரண்டு மணிக்கே கெடு வைக்கிறார்கள். "இன்னும் இல்ல ஸார்." "என் மெயில் வரிசைல நிக்கா?" "நிக்கு ஸார். பதினேழாவது." "லைன் வந்ததும் அதுவாப் போயிரும்லா?" "அதுவாப் போகும். ஆனா உடனே போகாது ஸார், அது தன் நேரம் வந்தாத்தான் தட்டும். நாம தள்ளிவிட்டாத்தான் உடனே போகும்." "அப்ப லைன் வந்த கையோட தள்ளிவிட்டிருங்க மேடம். உங்களுக்குக் கோடி புண்ணியம். ரெண்டு வருச உழைப்பு." நாற்காலியில் உட்காரப் போனவர், அவள் முகத்தில் எதைப் பார்த்தாரோ, உட்காராமலே வராந்தாவுக்குப் போய் அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் தலை வருவதும் போவதுமாக இருந்தது. தள்ளிவிட்டால் எல்லாமே போகும், வரிசையில் நிற்கிற அறுபத்திரண்டும் போகும், ஒன்பதாவதும் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கிறதில்லை என்பார்கள், இங்கே பூசாரி இவள்தான், இவளுடைய வேண்டுதலும் அதே தட்டில்தான் கிடக்கிறது. பதினொன்று பத்து. வடிவுக்குத் தபால் இல்லை. பதினொன்று பன்னிரண்டு. இல்லை. வராந்தாவில் அங்குமிங்கும் நடக்கிற மனுஷனைப் பார்க்காதே, பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள், பார்த்தால் அவர் எபனேசர் இல்லை, இருபத்தாறு வயசு அண்ணன், கோடு போட்ட சட்டை, ஆஸ்பத்திரி வராந்தா, டெட்டால் வாடை, கையில் ஒரு தாள்.

சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அம்மா தன் காலாலேயே நடந்துதான் அந்தக் கதவுக்குள் போனாள், போகிறபோது திரும்பி, "உளுந்தை ஊறப்போட மறந்திராதே, நாளைக்கு மாவில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள், பச்சைத் துணிக்குள் அம்மாவின் முதுகு, கூந்தலை அள்ளிச் செருகித் தொப்பிக்குள் திணித்திருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தத் தாளை அண்ணன் கொண்டுவந்தான். அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் பெரியவன், அவன்தான் போட வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "வடிவு, கையெழுத்துப் போடப்போறேன். வேண்டாம்னா சொல்லு." அவளுக்குப் பத்தொன்பது வயசு. ராத்திரி பூராவும் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தது, காரணம் ஒன்றும் கிடையாது, வெறும் பயம், பயத்தைச் சொன்னால் ஏட்டி பைத்தியம் என்று சிரிப்பான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒண்ணு, ரெண்டு என்று அவன் எண்ணவில்லை, எண்ணுகிற நேரம் பொறுத்தான். அப்புறம் போட்டான், ஒரே வீச்சில், வட்டம் போடுகிற மாதிரி. மயக்க மருந்திலிருந்து அம்மா விழிக்கவே இல்லை. பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லை என்றார்கள். யார் தப்பும் இல்லைதான். ஊறப்போட்ட உளுந்து இரண்டு நாள் கழித்துப் பொங்கி நாறிக் கிடந்தது, அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டியது வடிவுதான். அண்ணன் அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தாளைப் பற்றிப் பேசியதில்லை. நீயும்தானே பக்கத்தில் நின்றாய், நீ சொல்லியிருக்கலாமே என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்கமாட்டான். கையெழுத்துப் போட்ட பாரத்தை இருபத்தேழு வருஷமாகத் தான் மட்டும் சுமக்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். மதுரையில் அந்த ஆலோசகர்ப் பெண் சின்னதா மூணு ஓட்டைதான் அக்கா போடுவோம் என்று மூன்று விரலைக் காட்டினாளே, அந்த மூன்று விரலுக்குப் பின்னால் வடிவு பார்த்தது ஒரு தொப்பியைத்தான்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு லைன் வந்தது. திரையில் எதுவும் மின்னவில்லை, மணி அடிக்கவில்லை. கேபிள் வந்து சேருகிற பெட்டியில் செத்துக்கிடந்த பச்சை விளக்கு ஒன்று கண்ணைத் திறந்து சிமிட்டியது, அவ்வளவுதான். முதலில் உள்ளே வரவேண்டியதெல்லாம் திமுதிமுவென்று வந்தது, வடிவுக்கு இருபத்து மூன்று புதுத் தபால் என்றது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பல்கலைக்கழகச் சுற்றறிக்கை, பிரிண்டர் விளம்பரம், அடையாள அட்டை பற்றி மீண்டும் பிரின்சிபால், இன்னொரு சுற்றறிக்கை. அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை. அவன் எழுதமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவன் காத்திருக்கிறவன் இல்லையா, காத்திருக்கிறவன் எப்படி எழுதுவான்? எபனேசர் கதவைத் திறந்துவிட்டார், விளக்கை அவரும் பார்த்துவிட்டார். "மேடம், தள்ளுங்க." "ஒரு நிமிசம் ஸார்." தள்ளுகிற கட்டளையை அடித்தாள். எட்டு எழுத்து, ஒன்பது எழுத்து, இனி என்டர்தான் பாக்கி. விரல் போகவில்லை. சர்க்கரை, எல்லைக்கோடு, மோர் இருக்கா. "மேடம், பதினொண்ணு நாப்பத்தாறு." அடித்ததை அழித்தாள். வேறொன்று அடித்தாள். இந்த சர்வரில் ஒரு கட்டளை உண்டு, ஒரு மெயிலை அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், பிடித்து நிறுத்திவை என்று சொல்கிற கட்டளை. சந்தேகத்துக்குரிய தபாலுக்கு அதைப் பயன்படுத்துவார்கள். தன் கடிதத்தின் எண்ணைப் போட்டு அதை நிறுத்தினாள், பிறகு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டாள். மடை திறந்த மாதிரி போயிற்று. அறுபத்திரண்டு, நாற்பது, பன்னிரண்டு, மூன்று. "போயிருச்சு ஸார்." எபனேசர் கையெடுத்துக் கும்பிட்டார், மேல்துண்டு இருந்திருந்தால் அதையும் இடுப்பில் கட்டியிருப்பார். அவர் போன பிறகு மறுபடி வரிசையைக் கேட்டாள். ஒன்றே ஒன்று நின்றது. எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்ததற்கான ஆச்சரியக்குறியோடு, துணைக்கு யாரும் இல்லாமல்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜேசிபி இல்லை இப்போது, கேபிள் இல்லை, அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷக் கணக்கு இல்லை. லைன் பாம்பு மாதிரி நீண்டு கிடக்கிறது மதுரை வரைக்கும். இனி நின்றால் அது வடிவு நிறுத்தியது, போனால் வடிவு அனுப்பியது. பதினொன்று ஐம்பத்திரண்டு. பேசாமல் இருந்துவிடலாம், எட்டு நிமிஷந்தான், எட்டு நிமிஷம் இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா, இருபத்திரண்டு வருஷம் உட்காரவில்லையா? பெயர் போய்விடும், தேதி குறிப்பார்கள், பச்சைத் துணி தருவார்கள், தன் காலாலேயே நடந்து போகலாம், திரும்பி உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தியாகி என்பார்கள். தாணுமூர்த்தி பேப்பரை மடித்து வைப்பார். அப்படி ஒருத்தி போனால் அது கொடுத்தது ஆகுமா? எடுத்துக்கொள்ள விட்டது ஆகும். அதிரசம் மாதிரி. அவனுக்கும்தான் அது என்ன கதி, காலமெல்லாம் அவன் வயிற்றுக்குள் இவளுடைய பயம் இருந்து ஓடிக்கொண்டிருக்கும், அது அவனுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். இல்லை, அனுப்பிவிடலாம், நிறுத்தியதை விடுவித்தால் அரை நொடி. அனுப்பினால் சர்க்கரை. கடைசியில் பேசப்போகிற முதல் பேச்சு பொய்யாகவா இருக்க வேண்டும்? அண்ணே, எனக்கு உன்னைப் பிடிக்கும், எனக்குப் பயமாக இருக்கிறது, இரண்டும் ஒரே அளவு, ஒன்றை வைத்து ஒன்றை அடிக்க முடியவில்லை. இதை எந்த மெயிலில் எந்த வரியில் எழுதுவது? ஐம்பத்து நாலு. அழிக்கிற கட்டளையை அடித்தாள், எண்ணைச் சரிபார்த்தாள், தட்டினாள். ஒரு கடிதம் அழிக்கப்பட்டது என்றது திரை. வரிசையைக் கேட்டாள். வரிசை காலி என்றது. முழங்காலால் தள்ளி மூடியிருந்த இழுப்பறை சட்டென்று திறக்கவில்லை, ஆட்டி ஆட்டி இழுத்தாள், கைப்பைக்குள் கைவிட்டுத் துழாவினாள், சீப்பு, சில்லறை, மாத்திரை அட்டை, கைப்பேசி.

மறுமுனையில் மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை, அண்ணன் எடுத்துவிட்டான். "ஏட்டி வடிவு!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் எதிர்பார்க்கவே இல்லை. "வரலட்டி! காலையிலேர்ந்து மெயிலைத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் வரல. பதினோரு மணிக்கு மேல எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருச்சு. இப்பத்தான் உன் மதினிகிட்ட சொன்னேன், வடிவு எழுதமாட்டா, எனக்குத் தெரியும்னு. அழுதுக்கிட்டு இருக்கா, பாத்துக்கோ. இன்னும் நாலு நிமிசந்தான் இருக்கு, நீ ஏன் அதுக்குள்ள..." நிறுத்தினான். அவனாகவே நிறுத்தினான். அப்பக்கம் ஒரு மின்விசிறி கிரீச்சிட்டது, நர்ஸ் யாரோ யாருடைய எண்ணையோ கூப்பிட்டாள். இரண்டரை மணி நேரம் ஒரு மனுஷனுக்கு நம்பிக்கையை ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கிறாள், ஜேசிபி இல்லை, இவள்தான். வடிவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் அதைப் பிய்த்து எடுத்தாள்.

"அண்ணே, காலையிலயே எழுதினேன். லைன் இல்லாம நின்னுபோச்சு. அது பொய்யி, அதை அழிச்சிட்டேன். நானே சொல்லுதேன். என்னால முடியாது. சுகர் இல்ல, ஒண்ணும் இல்ல. பயமா இருக்கு. அன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு, அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுதேன்னு நீ கேட்டப்ப. வேண்டாம்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லாம நின்னுட்டேன். அது உன் கையெழுத்து மட்டும் இல்லண்ணே, என்னோடதுந்தான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். அறவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அண்ணன் பேசினான், அது வாத்தியார்க் குரலும் இல்லை, நோயாளிக் குரலும் இல்லை. "ஃபோன் பண்ணாதேன்னு சொன்னேம்லா வடிவு" என்றான். "கெஞ்சிருவேன்னு சொன்னேம்லா."

"கெஞ்சுண்ணே" என்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கைப்பேசிக்கும் காதுக்கும் நடுவே போயிற்று, துடைக்கவில்லை. "நான் வைக்கமாட்டேன். நீ எவ்வளவு நேரம் கெஞ்சினாலும் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

திரையின் மூலையில் பன்னிரண்டு ஆயிற்று. அண்ணன் கெஞ்ச ஆரம்பித்தான்.